செருப்பு கழன்றது தெரியவில்லை

அக்கா போனில் ஆரம்பித்தது வழக்கம்போல மெட்ரோ வாட்டர் பிரச்னையில். நடுவில் சாதாரணமாக ஒன்று சொன்னாள்.

"இவன் ஒத்தைக் கால் செருப்போட வந்து நிக்கிறாண்டா தம்பி. இன்னொண்ணு எங்கடான்னா, கழண்டதே தெரியலைங்கிறான்."

"லவ்வு கிவ்வா இருக்கும்க்கா" என்று சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டு போனை வைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து அவன் மாடிப்படியில் தடுக்கி விழுந்தான். வயது இருபத்து மூன்று. டாக்டர் உள்ளங்காலில் பஞ்சால் தடவிவிட்டு, "தெரியுதா?" என்றார். "எது சார்?" என்றான் அவன். சிரிப்பெல்லாம் அங்கேயே போய்விட்டது எனக்கு.

சுகர் பார்த்தார்கள். நார்மல். பி-12 பார்த்தார்கள். அதுவும் நார்மல். அதன்பிறகுதான் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "என்ன வேலை பாக்கறீங்க தம்பி?"

"மொபைல் சர்வீஸ் சார். உடைஞ்ச ஸ்க்ரீனைப் பிரிச்சு, பழைய பசையைத் துடைச்சு, புதுசு மாட்டுவோம்."

"எதால துடைப்பீங்க?"

"சொல்யூஷன் சார். பாட்டில்ல இருக்கும்."

"என்ன சொல்யூஷன்?"

"துடைக்கிற சொல்யூஷன் சார்."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க பத்திரிகைக்காரர்தானே? அது என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க. மருந்து எழுதறதைவிட அது அவசரம்."

போனேன். அண்ணா சாலைக்குப் பின்னால் ஒரு சந்து. பத்துக்கு எட்டு அறை. ஏ.சி. குளிர் வெளியே போகாமல் ஜன்னல் இடுக்கிலெல்லாம் டேப் ஒட்டி அடைத்திருந்தார்கள். ஸ்ப்ளிட் ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையேதான் திரும்பத் திரும்பக் குளிரவைக்கும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மேஜைமேல் ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டில், மூடியில் ஆணியால் போட்ட ஓட்டை. அதுதான் 'சொல்யூஷன்'.

கடைக்காரர் நல்ல மனிதர். ஒளிவுமறைவு இல்லை. "நம்ம கடை ரொம்ப சேஃப் சார்" என்று சுவரைக் காட்டினார். 'புகை பிடிக்காதீர்' போர்டு. பக்கத்தில் சிவப்பு சிலிண்டர். "பத்த வச்சா குப்னு பிடிச்சுக்கும். அதனால பசங்களை ஊதுபத்திகூட ஏத்த விடமாட்டேன்."

பரணிலிருந்து ஐந்து லிட்டர் கேனை இறக்கினார். பாதி கிழிந்த லேபிள். சிவப்பு ஓரம் போட்ட டைமண்ட் கட்டங்களில் சில படங்கள். ஒன்றில் தீ. இன்னொன்றில் மனிதனின் தலையும் மார்பும். மார்பின் நடுவே கண்ணாடியில் கல் எறிந்த மாதிரி நட்சத்திர வெடிப்பு.

"இது என்னங்க?" என்றேன்.

"ஹார்ட் பேஷண்ட் தொடக்கூடாதுன்னு போட்டிருப்பான் சார்."

கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. நான் பி.காம். கெமிஸ்ட்ரியைப் பத்தாவதோடு கைகழுவியவன். எனக்கும் தீ மட்டும்தான் புரிந்தது.

கேனில் மிச்சமிருந்த பெயர்: என்-ஹெக்ஸேன். சப்ளை செய்தவரிடம் பேசி, அதற்கான பாதுகாப்புத் தகவல் தாளை வாங்கினேன். பதினாறு பிரிவுகள். ஆடிட் ரிப்போர்ட் மாதிரி இருக்கிறதே என்று கொஞ்சம் தைரியம் வந்தது. இரண்டாவது பிரிவுதான் விஷயம்: இந்தப் பொருளின் அபாயங்கள் என்னென்ன, ஒவ்வொன்றும் எந்தத் தரம்?

ஒரே ரசாயனத்தை ஒரு நாட்டில் 'விஷம்' என்றும் இன்னொரு நாட்டில் 'பரவாயில்லை' என்றும் எழுதிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 1992ல் ரியோவில் நடந்த ஐ.நா. மாநாடு, உலகம் முழுக்க ஒரே முறை வேண்டும் என்றது. பத்து வருஷம் பேசி, 2002 டிசம்பரில் முடிவு செய்து, 2003ல் புத்தகமாகப் போட்டார்கள். ஜி.எச்.எஸ். என்று பெயர். அட்டை நிறத்தை வைத்து ஊதாப் புத்தகம் என்பார்கள்.

அந்த முறையில் அபாயங்களுக்குத் தனித்தனிக் கணக்கு. தீப்பிடிக்குமா, வெடிக்குமா என்பது பௌதிகக் கணக்கு. உடம்பை என்ன செய்யும் என்பது ஆரோக்கியக் கணக்கு. சுற்றுச்சூழலுக்கும் ஒன்று உண்டு. ஒன்றில் பாஸ் ஆனால் மற்றதில் பாஸ் என்று அர்த்தமில்லை.

முதல் கணக்கு சுலபம். சின்னக் கிண்ணத்தில் திரவத்தை ஊற்றி, மெள்ள வெப்பத்தை மாற்றி, மேலே சிறு சுடரைக் காட்டுவார்கள். எந்த வெப்பநிலையில் ஆவி சட்டென்று பற்றுகிறதோ அதுதான் ஃபிளாஷ் பாயின்ட். அது 23 டிகிரிக்குக் கீழே, கொதிநிலை 35 டிகிரிக்கு மேலே என்றால் இரண்டாம் தரம். இதில் நம்பர் குறையக் குறைய ஆபத்து அதிகம். ஹெக்ஸேனின் ஃபிளாஷ் பாயின்ட் மைனஸ் 22 டிகிரி வாக்கில், கொதிநிலை 69. எனவே இரண்டாம் தரம். ஐஸ்பெட்டிக்குள் வைத்தாலும் அதன் ஆவி பற்றும் என்று அர்த்தம்.

இது என்ன செய்யும் என்று அமெரிக்காவின் லூயிவில் நகரம் பார்த்திருக்கிறது. சோயா மொச்சையிலிருந்து எண்ணெய் எடுக்கவும் ஹெக்ஸேன்தான். நம் ஊர் தவிட்டு எண்ணெய் ஆலைகளிலும் அதே வேலைக்கு இருக்கிறது. 1981ல் லூயிவில் சோயா ஆலை ஒன்றிலிருந்து ஹெக்ஸேன் பாதாளச் சாக்கடைக்குள் போய்விட்டது. அதன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். மேலே போகாமல் குழாய்க்குள்ளேயே தவழ்ந்து தேங்கியது. பிப்ரவரி 13ம் தேதி விடிவதற்கு முன் மேலே போன ஒரு காரின் சிறு பொறி போதுமானதாக இருந்தது. இரண்டு மைலுக்கும் மேல் தெருக்கள் வெடித்துப் பள்ளமாயின. அந்த நேரத்தில் தெருவில் ஆளில்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. நாலு பேருக்குக் காயம்.

கடைக்காரரின் பயம் நியாயமானது. ஆனால், அவர் லெட்ஜரில் அந்த ஒரு பக்கத்தைத்தான் படித்திருந்தார்.

அடுத்த பக்கத்துக்கு வருகிறேன். தோலில் எரிச்சல் தரும். தூக்கக் கலக்கம், தலைசுற்றல் வரலாம். விழுங்கி, மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. குழந்தைப்பேறு பாதிக்கலாம் என்ற சந்தேகம் உண்டு. அப்புறம் அந்த வரி: நீண்ட நாள், திரும்பத் திரும்பப் பட்டால் நரம்பு மண்டலத்தைக் கெடுக்கும். நெஞ்சு வெடித்த மனிதனுக்கும் ஹார்ட் பேஷண்டுக்கும் சம்பந்தமில்லை. மெதுவாக உள்ளே புகுந்து உறுப்பைக் கெடுக்கும் பொருள் என்பதற்கான அடையாளங்களில் ஒன்று அந்தப் படம்.

ஹெக்ஸேனைக் கல்லீரல் இன்னொரு பொருளாக மாற்றுகிறது. கெடுதல் செய்வது அந்தப் பொருள்தான். நீளமான நரம்புகளைத்தான் முதலில் பிடிக்கும். உடம்பிலேயே நீளமானவை பாதத்துக்குப் போகிற நரம்புகள். எனவே மரத்துப்போவது கால் விரலில் ஆரம்பிக்கும். சாக்ஸ் போட்ட மாதிரி ஏறும். பிறகு கையில் கிளவுஸ் போட்ட மாதிரி. செருப்பு கழன்றால் தெரியாது.

இதை எந்தக் கிண்ணத்தில் ஊற்றிக் கண்டுபிடித்தார்கள்? அங்கேதான் எனக்குத் தொண்டை அடைத்தது. ஜப்பானில் 1960களில் வீட்டில் உட்கார்ந்து செருப்பு ஒட்டிய தொழிலாளர்களுக்குக் கைகால் விளங்காமல் போனது. காரணம், பசையில் இருந்த ஹெக்ஸேன். 93 பேரின் கதையை 1969ல் ஒரு டாக்டர் கட்டுரையாக எழுதினார். ஆரோக்கியக் கணக்கில் எலியை வைத்துப் பார்த்த சோதனைகள் உண்டு. ஆனால் மனிதர்களிடமே தெரிந்த சான்று என்றால் அதற்குத் தனி மதிப்பு. அந்த ஒரு வரி லேபிளில் வருவதற்கு இத்தனை கால்கள் மரத்திருக்கின்றன.

நெருப்புக்கு இவ்வளவு காத்திருக்கவில்லை. நம் நாட்டின் பெட்ரோலியம் சட்டம், ஃபிளாஷ் பாயின்ட்டை வைத்துத் தரம் பிரிக்கிற சட்டம், 1934லேயே வந்துவிட்டது. தீ உடனே தெரியும். சத்தம் போடும். கட்டடத்தைக் கொளுத்தும். சொந்தக்காரனுக்கும் நஷ்டம். நரம்பு அப்படியில்லை. வேலைக்காரனுக்கு மட்டும், அதுவும் சத்தமில்லாமல்.

இந்தக் கதை கடையில் கேட்ட இன்னொரு பதிலோடு முடிச்சுப் போட்டுக்கொண்டது. "முன்னாடி எதுல துடைச்சீங்க?" என்று கேட்டிருந்தேன். "ஐ.பி.ஏ. சார். ஸ்பிரிட் மாதிரி. அது காய லேட்டாகும். இது துடைச்ச உடனே போயிடும்."

2009ல் சீனாவின் சூஜோ நகரத்தில் இதே பதில்தான். ஆப்பிள் கம்பெனிக்கு டச் ஸ்க்ரீன் செய்த தொழிற்சாலையில், ஆல்கஹாலுக்குப் பதில் ஹெக்ஸேனால் துடைக்கச் சொன்னார்கள். சீக்கிரம் காயும், உற்பத்தி கூடும் என்று. காற்றோட்டம் போதவில்லை. தொழிலாளர்கள் கைகால் வலுவிழந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். 137 பேர் பாதிக்கப்பட்டார்கள் என்று ஆப்பிளே 2011 அறிக்கையில் சொன்னது. 2014ல் கடைசிக்கட்ட அசெம்பிளியில் ஹெக்ஸேன் கூடாது என்று தடையும் போட்டது.

ஐ.பி.ஏ.வின் தாளையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஃபிளாஷ் பாயின்ட் 12 டிகிரி. அதுவும் தீயில் இரண்டாம் தரம். இரண்டு கேனிலும் அதே தீப் படம், அதே 'அபாயம்' என்ற சொல். தீயை மட்டும் பார்க்கிற ஒருவருக்கு இரண்டும் ஒன்றுதான். மாற்றினால் ஒன்றும் நஷ்டமில்லை. ஐ.பி.ஏ.விலும் கண் எரியும், தலை சுற்றும். ஆனால், அந்தத் தாளில் நெஞ்சு வெடித்த மனிதன் இல்லை.

காமர்ஸ்காரன் என்பதால் இன்னும் இரண்டு நம்பரை எடுத்துக் கூட்டிக் கழித்தேன். ஹெக்ஸேன் ஆவி பற்றிக்கொள்ள, காற்றில் பத்து லட்சம் பங்குக்குக் குறைந்தது 11,000 பங்கு இருக்க வேண்டும். எட்டு மணி நேரம் வேலை செய்கிறவர் சுவாசிக்க, அமெரிக்கத் தொழில் சுகாதார நிபுணர்கள் சொல்லும் சராசரி எல்லை 50 பங்கு. வகுத்துப் பாருங்கள். 220 மடங்கு. தீக்குச்சி உரசினாலும் ஒன்றும் ஆகாத அறைக்குள் உட்கார்ந்து, ஒரு பையன் தன் கால்களைத் தொலைத்துக்கொண்டிருக்க முடியும். ஊதுபத்தியைத் தடுத்த கடையில் அதுதான் நடந்தது.

'துடைச்ச உடனே போயிடும்' என்றாரே, எங்கே போகும்? ஜன்னலில் டேப். போக இருந்த வழி என் அக்கா மகனின் மூக்கு ஒன்றுதான்.

பேலன்ஸ் ஷீட்டில், இன்றைக்கே கட்ட வேண்டிய கடன் பளிச்சென்று தெரியும். என்றைக்கோ தலையில் விழக்கூடிய கடனைக் கீழே பொடி எழுத்தில் குறிப்பாகப் போடுவார்கள். பல கம்பெனிகள் மூழ்கியது அந்தப் பொடி எழுத்தில்தான். கேன் லேபிளில் இரண்டையும் ஒரே அளவுப் படமாகப் போட்டிருக்கிறார்கள். நாம்தான் ஒன்றை மட்டும் படிக்கிறோம். படித்தாலும், கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றிய நிமிஷம் எல்லாப் படமும் காணாமல் போகிறது.

தாளோடு போய் டாக்டரிடம் காட்டினேன். நரம்பு டெஸ்ட் எழுதினார். அதன் ரிசல்ட்டும் அந்தத் தாளும் ஒத்துப்போவதாகச் சொன்னார். "வேலையை நிறுத்துங்க. நிறுத்தின பிறகும் சில மாசம் மோசமாகலாம். பயப்படாதீங்க. அப்புறம் மெதுவா திரும்பும்."

கடைக்காரரிடமும் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு தன் காலை நீட்டி, கட்டை விரலைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டார். அடுத்த வாரம் ஐ.பி.ஏ. திரும்ப வந்தது. ஜன்னல் டேப் போய், எக்ஸாஸ்ட் ஃபேன் வந்தது. பாட்டிலில் பெயர் எழுதி, படத்தையும் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டியிருந்தார். "கரன்ட் பில் ஏறுது சார்" என்றார். ஏறட்டும்.

டாக்டர் சொன்னபடியே முதல் மூன்று மாசம் மோசமானது. சட்டை பட்டன் போட முடியாமல் அவன் அழுததை அக்கா இன்னும் மறக்கவில்லை. "லவ்வு கிவ்வா இருக்கும்" என்று நான் சிரித்ததை நானும்.

போன மாசம் அவனோடு மெரினாவில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஏதோ பேசிக்கொண்டே வந்தவன் திடீரென்று நின்றான். திரும்பி நாலடி நடந்து, மணலில் குனிந்தான்.

"என்னடா மாப்ளே?"

"செருப்பு கழண்டுடுச்சு மாமா."