வலு கூடிப்போன கணினி

பழைய கேம் ஒன்று புதுக் கணினியில் சரியாக ஓடவில்லை என்றால், 'ராம் பத்தல' என்றுதான் ஊரில் முதலில் சொல்வார்கள். பல நேரம் கதை நேர்மாறு. வலு கூடிப்போனதுதான் தொல்லை.

ஆண்டிமடம் பக்கம் என் வயதுக்காரர்கள் பலருக்குச் சொந்தமாகக் கிடைத்த முதல் கணினி, 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்ததுதான். படிக்கத் தந்தது, நாங்களும் படித்தோம், சான் ஆண்ட்ரியாஸ் கேமை ஏற்றிய பிறகு. முந்திரிக்கொட்டை பொறுக்கிய காசில் ஒருவன் வாங்கிய பென்டிரைவ் விளந்தைக்கும் எங்கள் தெருவுக்கும் ஓயாமல் போய்வந்தது. 2012 மின்வெட்டில் டிவி அணைந்து கிடக்க, பேட்டரி சாகும்வரை ரோடு ராஷ் ஓட்டினோம்.

அந்தக் கோப்புகளை இப்போது கல்லூரிக்குப் போகும் அக்கா மகன் தன் புது லேப்டாப்பில் ஏற்றினான். "என்னா மாமா, ஆளு நீந்தவே மாட்றான்" என்றான். சான் ஆண்ட்ரியாஸின் அமைப்பில், வினாடிக்கு எத்தனை படம் என்று கட்டுப்படுத்தும் ஒன்று உண்டு. அதை அணைத்திருந்தான். 2005-இல் கணினிக்கு வந்த அந்த கேம், சில கணக்குகளை நேரத்தை வைத்துப் போடாமல் திரையில் விழும் படங்களை வைத்தே போடுகிறது. படம் கூடினால் நீச்சல் தளர்ந்துவிடும். கட்டுப்பாட்டைப் போட்டதும் ஆள் நீந்தினான்.

இது புது நோயும் இல்லை. 1981-இல் வந்த ஐபிஎம் பிசி 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. அந்த வேகமே நிலைக்கும் என்று நம்பி எழுதிய கேம்கள் அடுத்த தலைமுறைக் கணினியில் தலைதெறிக்க ஓடின. அதனால்தான் பெட்டியில் டர்போ பொத்தான் வைத்தார்கள். பேர்தான் டர்போ, பயன்பட்டது வேகத்தைக் குறைக்க. இன்று அந்த வேலையை டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் செய்கிறது. ஜான் ரொமேரோ எழுதிய டேவ் கேம் போன்ற 16 பிட் சரக்கை 64 பிட் விண்டோஸ் தொடவே தொடாது. டாஸ்பாக்ஸ் உள்ளுக்குள் ஒரு பழைய கணினியாக நடித்து அதை ஓட்டிக் காட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது 2025-இல் வெளிவந்த விமானக் கதை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்ததும், சான் ஆண்ட்ரியாஸில் ஸ்கிம்மர் என்ற நீர்விமானம் காணாமல் போனது. நிரல் மூலம் அதில் ஆளை வலிய ஏற்றினால் வானத்துக்கு அப்பால் எறிந்தது. சைலன்ட் என்ற பெயரில் பழைய கேம்களுக்குத் திருத்தம் எழுதுபவர் தோண்டிப் பார்த்தார். வாகனப் பட்டியலில் அந்த விமானத்துக்குச் சக்கர அளவையே எழுதாமல் விட்டிருந்தார்கள். நினைவகத்தில் முந்தைய வண்டியின் அளவு அழியாமல் கிடந்ததால் இருபது ஆண்டுகள் வண்டி ஓடியிருக்கிறது. முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன குடத்துத் தண்ணீரில் சமைத்த மாதிரி. விண்டோஸின் உள்வேலை கொஞ்சம் மாறியதும் அந்த இடத்தில் வேறு எண் விழுந்துவிட்டது. திட்டு முழுக்க மைக்ரோசாஃப்டுக்கு! என் கணக்கில், அது இத்தனை காலம் பறந்ததே பெரிது.

எங்கள் பென்டிரைவில் சுற்றியது கள்ளப் பிரதி என்பதை மட்டும் அக்கா மகனிடம் பெருமையாகச் சொல்ல முடியவில்லை. 2000-களில் காசு கொடுத்து வாங்கிய பல குறுந்தகடுகளில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருந்தது. அதற்கு வேண்டிய டிரைவரை 2015-இல் விண்டோஸ் 10 ஏற்க மறுத்தது. பாதுகாப்பு ஓட்டை என்பது காரணம். ஆக, அசல் தகடு வைத்திருப்பவர் கேமைத் திறக்க முடியாமல் நிற்கிறார். பூட்டை உடைத்துப் பென்டிரைவில் சுற்றிய எங்கள் பிரதி அலுங்காமல் திறக்கிறது. 2008-இல் தொடங்கிய ஜிஓஜி போன்ற கடைகள் பூட்டில்லாமல், புது விண்டோஸுக்குப் பொருத்தி விற்கின்றன. தள்ளுபடி நாளில் டீ, வடை காசுக்கும் சில கேம் கிடைக்கும். அப்படி வாங்கியதில் சிலவற்றின் கோப்புறையைத் திறந்தால், உள்ளே அதே டாஸ்பாக்ஸ்தான் இருக்கிறது.