ஒரு கிட்டார், இரண்டு ஆம்ப்

புதுச்சேரியில் ஜூன் 21-ஐ ஒட்டி ஃபெத் த லா மியூசிக் என்னும் இசைத் திருவிழா கொண்டாடப்படுகிறது. பிரான்சில் 1982-இல் தொடங்கிய விழா இது. எலெக்ட்ரிக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் வாசிப்பவர்கள் இந்த ஊருக்குப் புதியவர்கள் அல்ல. அவர்களைப் போன்றவர்கள் பாட்டைப் பதிவு செய்யப் போகும்போது ஒலிப்பதிவாளர்கள் கையாளும் உத்திகளில் ஒன்று, ஒரே வாசிப்பை இரண்டு ஆம்ப்பில் எடுப்பது. கிட்டாரின் கேபிளை ஸ்ப்ளிட்டர் பெட்டி இரண்டாகப் பிரிக்கும். ஒரு கிளை கிளீன் டோனில் வைத்த ஆம்ப்புக்கும், மற்றது டிஸ்டார்ஷன் ஏற்றிய ஆம்ப்புக்கும் போகும். இரண்டுக்கும் தனித்தனி மைக், தனித்தனி டிராக். இதன் பிறப்பிடத்தைத் தேடினால் முதலில் கைக்கு வரும் பெயர்களில் ஒன்று அமெரிக்க ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வாகன். 1983-இல் முதல் ஆல்பத்தைத் தந்த அவர், பல ஆம்ப்களை ஒரே நேரத்தில் முழங்கவிட்டவர்தான். ஆனால் வேர் அவருக்கு வெகு காலம் முந்தையது. அந்த வேரைத் தொடர்ந்து போனபோது எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: இந்த உத்தியின் உயிர் இரண்டு ஒலிகளுக்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது, எண்ணிக்கையில் இல்லை.

இரட்டை ஒலியின் வரலாறு கிட்டாருக்கு முன்பே தொடங்கிவிட்டது. புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1881-இல், பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் கிளெமான் அதேர் என்ற பொறியாளர் ஒப்பேரா அரங்கின் மேடையில் தொலைபேசிக் கருவிகளைப் பொருத்தி, கண்காட்சிக்கு வந்தவர்களின் இரு காதுகளுக்கும் தனித்தனியாகப் பாட்டை அனுப்பினார். 1931-இல் இங்கிலாந்தின் ஆலன் பிளம்லைன் ஸ்டீரியோ பதிவுக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1958 வாக்கில் ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்ததும் கிட்டார் கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. அந்த ஆண்டே கிரெட்ச் தன் ஒயிட் ஃபால்கன் கிட்டாரின் கீழ்க்கம்பிகளை ஓர் ஆம்ப்புக்கும் மேல்கம்பிகளை இன்னொன்றுக்கும் அனுப்பியது. அடுத்த ஆண்டு கிப்சனின் ஈஎஸ்-345 இரண்டு பிக்கப்களையும் தனித்தனி ஆம்ப்புக்குப் பிரித்தது. ஆயினும் இவற்றை நாம் தேடும் தொடக்கம் என்று நான் ஏற்கவில்லை. இங்கே கிட்டாரே இரண்டாக வெட்டப்படுகிறது. ஒரே ஒலி இரண்டு வழியில் போகவில்லை.

அப்படியானால் 1948-இல் ‘லவ்வர்’ இசைத்தட்டில் எட்டுக் கிட்டார் பகுதிகளை ஒருவராகவே அடுக்கிப் பதிந்த லெஸ் பாலை ஏன் முன்னோடியாகக் கொள்ளக்கூடாது என்று கேட்கலாம். நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் விடை எளிது. திருவீழிமிழலை சகோதரர்கள் இரட்டை நாகஸ்வரம் வாசித்தபோது ஒரே ராகத்தை இரண்டு மூச்சு, இரண்டு சீவாளி பாடின. நூலிழை முன்பின்னாக வரும் அந்த இசைவே அதன் அகலம். லெஸ் பால் செய்ததும் அந்த வகைதான்: வாசிப்பே பலமுறை நடந்தது. இரண்டு ஆம்ப் விஷயத்தில் வாசிப்பு ஒன்று, விரல் ஒன்று, பிழை வந்தாலும் ஒன்றே. ஒரே வாசிப்பிலிருந்து இரண்டாவது ஒலியைப் படைக்கும் எண்ணம் தெளிவாகத் தெரிவது 1966-இல். லண்டன் அபி ரோடு ஸ்டுடியோவில் கென் டவுன்சென்ட் ஒரே குரலை டேப்பின் வழியாக இம்மியளவு தாமதித்து இரட்டிப்பாக்கினார். அந்த எண்ணம் கிட்டாருக்கென ஒரே பெட்டியில் அமைந்தது 1975-இல் ஜப்பானின் ரோலண்ட் வெளியிட்ட ஜேசி-120-இல். அதில் 60 வாட் ஆம்ப் இரண்டு, 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு. கோரஸைப் போட்டால் ஒரு ஸ்பீக்கரில் கிட்டார் உள்ளபடி வரும். மற்றதில் சுருதி மெல்ல அசைந்து வரும். இரண்டும் கலப்பது காற்றில். வேறுபாட்டையே நோக்கமாகக் கொண்டு செய்த கருவி இது.

‘ஒரே ஆம்ப்பில் பதிந்துவிட்டு ஈக்யூவில் சரிசெய்தால் போதாதா?’ என்பது நியாயமான கேள்விதான். போதாது. ஈக்யூ இருக்கும் ஒலியைக் கூட்டும், குறைக்கும். டிஸ்டார்ஷனோ இல்லாத ஒலியை உண்டாக்கும். 220 ஹெர்ட்ஸில் ஸட்ஜத்தையும் 330-இல் பஞ்சமத்தையும் சேர்த்து மீட்டினால், டிஸ்டார்ஷனில் அவற்றின் வித்தியாசமான 110 ஹெர்ட்ஸும் பிறக்கும். அது கீழ் ஸட்ஜம், ஆகவே கார்டு கம்பீரமாகும். பஞ்சமத்துக்குப் பதில் 277-இல் அந்தர காந்தாரத்தைச் சேர்த்தால் பிறப்பது 57 ஹெர்ட்ஸ். அது அந்தக் கார்டில் இல்லாத சுரம், எனவே குழம்பும். ராக் கிட்டாரிஸ்ட்கள் ஸட்ஜ பஞ்சமத்தையே பிடித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். கிளீன் ஆம்ப் பக்கத்தில் இருந்தால் காந்தாரம் தெளிவாக நிற்கும், பிக் கம்பியில் படும் முதல் ஓசையும் கேட்கும். நீளமும் கனமும் மற்ற ஆம்ப்பிலிருந்து வரும். கலந்து குழம்பிய ஒலியிலிருந்து கிளீனை எந்த ஈக்யூவும் பிரித்தெடுக்காது.

இன்னொரு மறுப்பு இன்னும் வலுவானது: பெரும்பாலோர் பாட்டைக் கேட்பது கைபேசியின் ஸ்பீக்கரில், அங்கே ஸ்டீரியோ ஏது? தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படப்பாடல்கள் 1978-இல் இளையராஜா இசையில் வந்த ‘பிரியா’ படத்தினுடையவை என்பார்கள். அதற்கு முந்தைய திரையிசை மோனோவிலேயே நம் மனதைப் பிடித்தது. ஆகவே மோனோவில் நிற்காத உத்தி எனக்கும் வேண்டாம். நான் மேலே சொன்ன நன்மை அகலம் பற்றியது அல்ல, டோன் பற்றியது. அது மோனோவிலும் நிற்கும். ஆனால் ஃபேஸ் சரியாக இருக்க வேண்டும். நம் ஊரின் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். ஒரு மைக் தன் ஸ்பீக்கரிலிருந்து 35 சென்டிமீட்டர் கூடுதலாகத் தள்ளி இருந்தால் ஒலி ஒரு மில்லி செகண்ட் பிந்தும். இரண்டையும் மோனோவில் கூட்டும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் பகுதிகள் ஒன்றையொன்று அழிக்கும். கிட்டாரின் உடலே அங்கேதான் இருக்கிறது. இரண்டு மைக்கையும் ஒரே தொலைவில் வைத்து, ஒரு டிராக்கின் போலாரிட்டியைத் திருப்பிப் பார்த்து, கனமாகக் கேட்கும் நிலையை வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு ஆம்ப்பும் ஒரே கிட்டாரில் இணையும்போது கிரவுண்ட் லூப்பால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரலாம். அதற்கு மருந்து டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்ப்ளிட்டர். எர்த் பின்னைக் கழற்றுவது உயிருக்கு ஆபத்து.

இன்று கம்ப்யூட்டரில் நேரடியாக ஒரு டிராக்கை எடுத்துவிட்டு, பிறகு சாஃப்ட்வேரில் இரண்டு ஆம்ப் மாற்றிக்கொள்ளலாம். அதைக் குறையாக நான் பார்க்கவில்லை. வீணையின் கான்டாக்ட் மைக்கையும் முன்னால் வைத்த மைக்கையும் கலக்கும் ஒலிப்பதிவாளர் செய்வதும் இதே வேலைதான்: ஒன்று கம்பியின் துல்லியத்தைத் தரும், மற்றது குடத்தின் நாதத்தைத் தரும். கருவி மாறலாம், கணக்கு மாறாது. புதுச்சேரியின் இளம் கிட்டாரிஸ்ட்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் அதுதான். ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு டோனைத் தேர்ந்தெடுங்கள், மோனோவில் கேட்டு உறுதிசெய்யுங்கள். இரண்டும் ஒரே மாதிரி ஒலித்தால் ஓர் ஆம்ப்பை அணைத்துவிடுங்கள். ஒன்றே போதும்.