திரையில் இல்லாத உயரம்

திங்கள்

டிசிஎஸ் வேர்ல்ட் என்ற கணினி விமான விளையாட்டின் எஃப்-16 விமானத்தில் ரேடாரை முறையாகப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஏவுகணையை எப்போது விடுவது என்பதெல்லாம் பிறகு. எதிரி விமானம் முதலில் திரையில் விழ வேண்டுமே!

திரையின் அமைப்பு மனத்தில் பதிய வேண்டும். அதன் அடிக்கோடு முழுவதும் நாம்தான். மேலே போகப் போகத் தூரம் கூடும். இடமும் வலமும் திசை. திரையின் உச்சியில் ஒரு விமானம் தெரிந்தால் அது தொலைவில் இருக்கிறது, அவ்வளவுதான். கடலை ஒட்டிப் பறப்பதும் 40,000 அடியில் பறப்பதும் ஒரே தூரத்தில், ஒரே திசையில் இருந்தால் திரையில் ஒரே இடத்தில்தான் விழும். உயரத்தை எண்களில்தான் படிக்க வேண்டும்.

செவ்வாய்

அந்த எண்கள், திரையில் நாம் நகர்த்தும் கர்சரை ஒட்டி, ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கின்றன. ஆயிரம் அடிக் கணக்கு. கர்சர் நிற்கும் தூரத்தில் ரேடார் எந்த உயரம் முதல் எந்த உயரம் வரை தேடுகிறது என்பதை அவை சொல்கின்றன. ரேடார் அலை டார்ச் வெளிச்சம் மாதிரி, கிட்டத்தில் குறுகியும் எட்டத்தில் விரிந்தும் இருக்கும். அதனால் கர்சரை மேலே தள்ளினால் எண்கள் விலகுகின்றன. கீழே இழுத்தால் நெருங்குகின்றன. இதில் ஆன்டெனாவின் சாய்வு மாறுவதில்லை. நாம் கேட்கும் தூரம்தான் மாறுகிறது.

சாய்வை மாற்றுவதற்கு த்ராட்டிலில் ஒரு குமிழ் இருக்கிறது. அதைத் திருப்பினால் திரையின் இடது ஓரத்தில் உள்ள சிறு குறி ஏறி இறங்கும். தேடலின்போது இந்தச் சாய்வு அடிவானத்தை வைத்தே அளக்கப்படுகிறது. விமானத்தின் மூக்கு சற்றே நிமிர்ந்தாலும் ரேடார் தேடும் உயர எல்லை மாறாது.

புதன்

இன்று காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன். 1 டிகிரி சாய்வு, 1 கடல் மைலில் ஏறத்தாழ 100 அடி. 10 மைலில் 1,000 அடி, 40 மைலில் 4,000 அடி. விமானிகளின் இந்தப் பழைய மனக்கணக்கு போதும்.

நான் 25,000 அடியில் பறக்கிறேன். எதிரி 10,000 அடியில் வருகிறான். ரேடார் நேர்மட்டத்தைப் பார்க்கிறது, மேலும் கீழுமாக மொத்தம் 10 டிகிரியைத் துழாவுகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 மைலில் அது 5,000 அடியிலிருந்து 45,000 அடி வரை தொடும். எதிரி உள்ளே இருக்கிறான். 30 மைலில் விளிம்புக்கு வந்துவிடுகிறான். 20 மைலில் ரேடார் தொடுவது 15,000 முதல் 35,000 வரை மட்டுமே. அவன் உயரத்தை மாற்றவில்லை, நானும் மாற்றவில்லை. நெருங்கி வந்ததாலேயே மறைந்துவிட்டான்.

தூரத்தில் தெரிந்தவன் கிட்டத்தில் தெரியாமல் போவது ரேடாரின் கோளாறு அல்ல, வடிவக் கணக்கு. 40 மைலில் அவனை நடுவில் பிடிக்க ஏறத்தாழ 4 டிகிரி கீழே பார்த்தால் போதும். 20 மைலில் 7½ டிகிரி, 10 மைலில் 15. தூரம் குறையக் குறையக் குமிழைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ரேடாரை எதிரிமீது பூட்டிவிட்டால் ஆன்டெனா தானாகவே பின்தொடரும். அதுவரை இந்த வேலை விமானியுடையது.

வியாழன்

ஆன்டெனா ஒன்றின்கீழ் ஒன்றாகத் துடைக்கும் அடுக்குகளைக் கூட்டினால் குமிழைத் தொடாமலே இருக்கலாமே என்று தோன்றும். எஃப்-16 ரேடாரில் 1, 2, 4 என அடுக்குகளைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒவ்வோர் அடுக்கையும் ஆன்டெனா இடவலமாகத் துடைத்து முடிக்க வேண்டும். அடுக்கு கூடினால் அதே இடத்துக்குத் திரும்பிவர நேரமாகும். இரு விமானங்கள் எதிரெதிரே வரும்போது நெருங்கும் வேகம் 1,000 நாட் என்றால், 1 மைல் கரைய 3.6 விநாடிதான். அகலமாகத் தேடினால் தாமதம். குறுக்கித் தேடினால் சரியான உயரத்தை முன்பே அறிந்திருக்க வேண்டும்.

அந்த உயரத்தைப் பெரும்பாலும் அவாக்ஸ் என்ற வான் கண்காணிப்பு விமானம் சொல்லிவிடும்: திசை, தூரம், உயரம். சொன்ன தூரத்தில் கர்சரை நிறுத்தி, சொன்ன உயரம் இரண்டு எண்களுக்கும் நடுவே வரும்வரை குமிழைத் திருப்ப வேண்டும். டிகிரிகூட வேண்டாம்.

வெள்ளி

ஒப்பிட்டுப் பார்க்க சு-27 விமானத்தில் ஏறினேன். எதிரி எத்தனை கிலோமீட்டரில் இருப்பான், நம்மைவிட எவ்வளவு மேலே அல்லது கீழே என்பதைக் கொடுத்தால், சாய்வை அதுவே கணக்கிட்டுக்கொள்கிறது. தரையிலிருந்து வழிநடத்தும் சோவியத் போர்முறைக்குப் பொருந்தும் வடிவமைப்பு. கட்டுப்பாட்டாளர் சொல்லும் இரண்டு எண்கள் அப்படியே உள்ளே போகின்றன. எஃப்-16 கர்சரில் காட்டுவதையே இது கேட்டு வாங்கிக்கொள்கிறது. இரண்டுக்கும் அடியில் இருப்பது தூரம், உயரம், சாய்வு என்ற ஒரே முக்கோணம்.

சனி

இந்த வாரப் படிப்பின் சாரத்தை எழுதிவைக்கிறேன். வெறுமையான திரை, வானம் வெறுமை என்று சொல்வதில்லை. 'நீ கேட்ட உயரத்தில் யாரும் தென்படவில்லை' என்று மட்டும் சொல்கிறது. அதனால் திரையைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் அந்த இரண்டு எண்களைப் படிக்க வேண்டும், பிறகே புள்ளிகளை.

ஒரு ரேடாரால் முழு வானத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. போர் விமானங்கள் இணையாகப் பறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: ஒருவர் மேலே தேட, மற்றவர் கீழே தேடலாம். நாளை நண்பருடன் பறக்கும்போது அப்படியே பிரித்துக்கொள்ளப் போகிறோம். 20,000 அடிக்கு மேலே அவர், கீழே நான், நடுவில் சில ஆயிரம் அடி இருவருக்கும் பொது.