ஜக் தூக்கத்தான், தாங்க அல்ல



நம்ம காத்தான்குடி, கல்முனைப் பக்கம் வளவெல்லாம் மணல். அதில் ஜக்கை வைத்தால் கார் உயராது, ஜக்தான் புதையும். வீட்டில் சில்லு கழற்றுவதென்றால் காரைக் கொங்கிறீட் தரைக்குக் கொண்டு போவோம். வழியே இல்லையென்றால் தடித்த, அகலமான பலகை ஒன்றை ஜக்குக்கு அடியில் போடுவோம்.

ஹேண்ட் பிரேக் அநேக கார்களில் பின் சில்லுகளை மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கினால் அந்தப் பிடியும் போய்விடும். ஆகவே முன் சில்லுகளுக்கு இரு பக்கமும் கட்டை வைக்க வேண்டும். நட்டுகளைச் சில்லு தரையில் இருக்கும்போதே கொஞ்சம் இளக்கிவிடுவோம். தூக்கியபின் பலம் போட்டால் கார் ஆடும்.

கதவுக்குக் கீழே, விளிம்புத் தகட்டில், சில்லுக்குக் கிட்டவாக இரண்டு வெட்டு அடையாளம் இருக்கும். ஜக் அவற்றுக்கு நடுவே. கைக்கு எட்டிய இடத்தில் வைத்தால் தகடு நசுங்கும். பிறகு துருவும் அங்கேதான் தொடங்கும். கடல் காற்று வேறு.

காருக்குக் கீழே போய் வேலை செய்வதென்றால் இரும்பு ஸ்டாண்ட் கட்டாயம். சிலர் சீமெந்துக் கல் அடுக்குவார்கள். அது சொல்லாமல் உடையும். சில்லு மாற்றும்போதும் ஸ்பெயார் சில்லைக் காருக்கு அடியில் படுக்க வைப்போம், ஜக் சரிந்தாலும் அது தாங்கும். பந்தெடுக்க ஓடிவரும் பிள்ளைகளை அதற்கு முன்பே வீட்டுக்குள் அனுப்பிவிடுவோம்.