வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு

1992 மே 14. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மட்டபான் பகுதியிலுள்ள மார்னிங் ஸ்டார் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் ஓர் அடக்க ஆராதனை நடந்துகொண்டிருந்தது. தெருவில் சுட்டுக் கொல்லப்பட்ட ஓர் இளைஞனுக்காக உற்றாரும் உறவினரும் கூடி அழுதுகொண்டிருந்தார்கள். அப்போது ஒரு கும்பல் உள்ளே புகுந்தது. அங்கே வந்திருந்த ஒரு வாலிபனைச் சபையார் கண்ணெதிரே அடித்து, கத்தியால் குத்தியது.

பாஸ்டனுக்கு அப்போது கொலை புதிதில்லை. 1990-இல் மட்டும் அந்த நகரில் 152 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். எண்பதுகளின் பிற்பகுதியில் கிராக் கொக்கைன் வந்து சேர்ந்தது. அதை விற்கும் தெருமுனைகளுக்காகப் பையன்கள் மோதிக்கொண்டார்கள். கைகலப்போடு போயிருக்க வேண்டிய சண்டைகள் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தன. டார்செஸ்டர், ராக்ஸ்பரி, மட்டபான் பகுதிகளின் கறுப்பினக் குடும்பங்கள்தான் அதிகமாகப் பிள்ளைகளைப் பறிகொடுத்தன.

இந்தப் பகுதிகளில் தேவாலயங்களுக்குப் பஞ்சமில்லை. ஞாயிறு காலையில் பாட்டும் பிரசங்கமுமாக நிறைந்திருக்கும் அந்தக் கட்டடங்களில் பல, பையன்கள் தெருவில் நிற்கும் நேரத்தில் பூட்டிக் கிடந்தன. ஆராதனைக்குள்ளேயே ரத்தம் சிந்திய பிறகு, பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்து ஜெபிப்பது போதாது என்று சில போதகர்களுக்கு உறைத்தது.

அப்படித்தான் பாஸ்டன் டென் பாயின்ட் கூட்டமைப்பு பிறந்தது. முன்னின்றவர்களில் மூவர் முக்கியமானவர்கள். ரே ஹாம்மண்ட், ஹார்வர்டில் மருத்துவம் படித்துவிட்டுச் சபை ஊழியத்துக்கு வந்தவர். ஜெஃப்ரி பிரவுன், பக்கத்து நகரமான கேம்பிரிட்ஜில் ஒரு பாப்டிஸ்ட் சபையின் போதகர். யூஜின் ரிவர்ஸ், சிறு வயதில் தானே தெருக் கும்பலில் சுற்றியவர். 1988-இல் தன் சிறிய சபையோடு டார்செஸ்டரிலேயே குடியேறியவர். அவர் வீட்டின் மீது துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. அப்போதும் குடும்பத்தோடு அங்கேயே இருந்தார்.

ரிவர்ஸுக்குப் பாடம் சொன்னவன் ஒரு போதைப்பொருள் வியாபாரி. பள்ளிக்குப் போகும்போதும் கடைக்குப் போகும்போதும் பிள்ளைகள் தன்னைப் போன்றவர்களைத்தான் பார்க்கிறார்கள், சபைக்காரர்களை அல்ல என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான். அதற்குப் போதகரிடம் மறுமொழி இல்லை. அவன் சொன்னது உண்மை. தெருவில் யார் நிற்கிறாரோ அவர் பின்னால்தான் பிள்ளைகள் போவார்கள்.

கூட்டமைப்பின் பத்து அம்சத் திட்டம் அந்த உண்மையிலிருந்தே தொடங்கியது. ஒவ்வொரு சபைக் குழுவும் ஒரு கும்பலைத் தத்தெடுக்க வேண்டும். நீதிமன்றத்தில் நிற்கும் சிறுவர்களுக்காகப் பேச ஆட்களை அனுப்ப வேண்டும். போதைப்பொருள் விற்கும் இளைஞர்களைத் தேடிப் போய்த் தனித்தனியாகப் பேச வேண்டும். புறநகரின் வசதியான சபைகள் தெருவில் வேலை செய்யும் சபைகளுக்குத் தோள் கொடுக்க வேண்டும். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவி மையங்கள் வேண்டும் என்பதும் அந்தப் பத்தில் ஒன்று.

காகிதத்தில் இருந்ததைக் காலால் செய்து காட்டியது வெள்ளிக்கிழமை நடைதான். போதகர்களும் தன்னார்வலர்களும் இரவு பத்து மணிக்குக் கூடி, டார்செஸ்டரின் ஃபோர் கார்னர்ஸ் பகுதியில் இரண்டு மணி வரை நடப்பார்கள். முதலில் யாரும் அவர்களிடம் பேசவில்லை. பையன்கள் ஓரமாக நின்று கவனித்தார்கள். அடுத்த வாரமும் வருகிறார்களா, கேமராக்காரர்களைக் கூட்டி வருகிறார்களா, தங்களைக் காட்டிப் பெயர் வாங்கப் பார்க்கிறார்களா என்பதையெல்லாம் எடைபோட்ட பிறகே வாய் திறந்தார்கள். பேச ஆரம்பித்ததும் வந்தவர்கள் கேட்கப் பழகினார்கள். தொலைக்காட்சி காட்டிய கொடூரர்களை அந்தத் தெருவில் காணவில்லை என்று பிரவுன் பின்னாளில் மேடைகளில் சொன்னார். அங்கே இருந்தவர்கள் பயத்தோடும் புத்திசாலித்தனத்தோடும் அன்றைய இரவைக் கடக்கப் பார்த்த பிள்ளைகள்.

நடையோடு வேலை முடிந்துவிடவில்லை. டார்செஸ்டரில் ‘எல்லா பேக்கர் இல்லம்’ என்ற பெயரில் ஒரு பெரிய வீடு பிள்ளைகளுக்காகத் திறக்கப்பட்டது. பள்ளி விட்டதும் வந்து உட்கார ஓர் இடம், வீட்டுப்பாடத்துக்குத் துணை, கோடை விடுமுறையில் செய்ய ஒரு வேலை, வழக்கு என்றால் கூட வர ஒரு பெரியவர் என்று அங்கே எல்லாம் கிடைத்தன. ஹாம்மண்டின் மனைவி குளோரியா ஒயிட்-ஹாம்மண்ட் குழந்தைகள் மருத்துவர், அவரும் போதகர். பதின்வயதுப் பெண் பிள்ளைகளைக் கூட்டி, தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுத வைக்கும் ஒரு திட்டத்தை அவர் தொண்ணூறுகளில் தொடங்கினார். அடிதடி செய்திகளில் பையன்களின் பெயரே அடிபட்ட காலத்தில், அதே தெருக்களில் மௌனமாக வளர்ந்த பெண் பிள்ளைகளையும் ஒருவர் தேடிப் போனது பெரிய விஷயம்.

1999-இல் பாஸ்டனில் கொலைகள் 31 ஆகக் குறைந்தன. இந்தப் பெருமை முழுவதும் சபைகளுக்கு மட்டும் சேராது. காவல்துறையின் ‘ஆப்பரேஷன் சீஸ்ஃபயர்’ திட்டம், நகராட்சியின் தெருப் பணியாளர்கள், நன்னடத்தை அதிகாரிகள் எல்லாரும் சேர்ந்து இழுத்த தேர் அது. ஆனால் காவல்துறையை நம்பாத மக்களுக்கும் காவல்துறைக்கும் நடுவில் நின்று, இரு பக்கமும் தவறைச் சுட்டிக்காட்டக் கூடியவர்களாகப் போதகர்கள் இருந்தார்கள். அந்த இடத்தை வேறு யாராலும் நிரப்பியிருக்க முடியாது என்பதே ஹார்வர்ட் சமூகவியலாளர் கிறிஸ்டோபர் வின்ஷிப்பின் ஆய்வுகள் தரும் சித்திரம்.

ஆனால் கதை அந்த வெற்றியோடு முடிந்துவிடவில்லை. பெயரும் புகழும் வந்தன. தலைவர்களுக்குள் உரசல்கள் வந்தன. தெருவில் நடப்பவர்கள் குறைந்தார்கள். 2005-இல் கொலைகள் 75 ஆக ஏறின. முன்பு உருவான கூட்டணி தளர்ந்துபோனதையே வின்ஷிப்பும் வேறு இரு ஆய்வாளர்களும் 2008-இல் எழுதிய கட்டுரை பெரிய காரணமாகச் சொன்னது. அதற்குள் புதிய தலைமுறைப் பிள்ளைகள் தெருமுனைக்கு வந்துவிட்டிருந்தார்கள். பழைய போதகர்களின் கீர்த்தி அவர்களுக்குத் தெரியாது. எதிரில் வந்து நிற்கிற ஆளைத்தான் அவர்களுக்குத் தெரியும்.

தேவாலயங்களின் இளைஞர் பணியில் சேரும் தன்னார்வலர் மனதில் இருத்த வேண்டியது இதைத்தான். பிள்ளைகளுக்குப் பெரிய பேச்சுகளைவிட, சொன்ன நேரத்தில் வந்து நிற்கும் ஒரு மனிதர் தேவை. இது வெறும் உணர்ச்சிப் பேச்சில்லை. ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், வழிகாட்டிகளாகப் பெரியவர்களோடு இணைக்கப்பட்ட பதின்வயதினர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய விவரங்களை ஆராய்ந்து 2002-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகளே அதிகப் பலன் தந்திருந்தன. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன உறவுகள், பிள்ளைகள் தங்கள் மீது வைத்திருந்த மதிப்பையே குறைத்துவிட்டிருந்தன. பாதியில் விட்டுப் போகிறவர் உதவி செய்யாமல் போவதோடு நிற்பதில்லை. ஏற்கெனவே பலரால் கைவிடப்பட்ட ஒரு பிள்ளையை இன்னொரு முறை கைவிடுகிறார்.

ஆகவே சபையில் தன்னார்வலர்கள் தேவை என்ற அறிவிப்பு வந்ததும் கை தூக்கும் நல்ல உள்ளங்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயர் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் வேலை நேரத்தையும் வீட்டு நிலைமையையும் ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். வாரம் ஒரு நாள் முடியாதென்றால் மாதம் ஒரு நாள் என்று சொல்லுங்கள். சொன்ன நாளில் தவறாமல் போங்கள். வர முடியாமல் போனால் முன்னதாகவே அந்தப் பிள்ளையிடம் நேரில் சொல்லிவிடுங்கள். ஓராண்டு இருக்க முடியும் என்று உறுதியாகத் தெரிந்தால் இந்த வாரமே போய்ச் சேருங்கள்.