பட்டிக்கு ஒரு நாய் பாக்கறது

காங்கேயம், தாராபுரம் பக்கம் ஆடு வளக்கறவங்களுக்கு இப்ப பெரிய எதிரி நரியும் இல்ல, ஓநாயும் இல்லைங்க. கூட்டமா அலையற தெருநாய்தான். அதுககிட்ட இருந்து ஆட்டைக் காப்பாத்த இன்னொரு நாயைத்தான் தேட வேண்டியிருக்கு. பட்டிக்கு எந்த மாதிரி நாயைப் பாத்து எடுக்கறது, எப்படி வளக்கறதுன்னு எனக்குத் தெரிஞ்சதை எழுதறேன்.

பட்டணத்துல இருக்கறவங்க கொறங்காட்டைப் பாத்திருக்க மாட்டீங்க. மானாவாரி நெலத்துல கொழுக்கட்டைப் புல்லு, ஊடால வெள்வேல மரம், சுத்தியும் கிளுவை வேலி. உள்ள ஆடு மாட்டை விட்டுட்டா மேய்க்க ஆள் வேண்டாம். ஆனா அந்த வேலி ஆடு மாடு வெளிய போகாம இருக்கப் போட்டது. அடியில சந்து பாத்து நாய் நுழைஞ்சிரும். எனக்கு நாலரை ஏக்கரா கொறங்காடு, 35 மேச்சேரி ஆடு இருந்துச்சு. மூணு வருசத்துக்கு முன்னால ஒரே ராத்திரியில 9 ஆடு போச்சு. பசிக்குத் தின்னறதுன்னா ஒண்ணோட நின்னிருக்கும். ஆடு ஓட ஓட இதுக தொரத்திக் கடிச்சுப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போகும். செத்ததுல ரெண்டு நெறை செனை. பொண்ணோட காலேஜ் பீசுக்குன்னு வெச்சிருந்த ஆடுங்க.

பையன் கோயமுத்தூர்ல வேலை பாக்கறான். "ராஜபாளையம் ஒண்ணு வாங்கிடலாம்ப்பா"ன்னான். நல்ல சாதிதான். 2005ல தபால் தலையே போட்டாங்க. ஆனா அது வேட்டைக்கும் வீட்டுக் காவலுக்கும் பேர் போனது. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடற முயலைக் கண்ணால பாத்துத் தொரத்தறதுக்குன்னே வளத்த சாதி. பட்டியில ஆட்டுக்குட்டி நாள் பூரா துள்ளி ஓடும். அதைப் பாத்துட்டு சும்மா படுத்திருக்கற நாய்தான் எங்களுக்கு வேணும். இமாச்சல் பக்கம் மலை இடையர்கள் வளக்கற நாய்க்கு, சிறுத்தை கழுத்தைக் கவ்வாம இருக்க இரும்புப் பட்டை மாட்டுவாங்களாம். துருக்கியில கங்கால்னு ஒரு சாதி, ஓநாயையே எதுத்து நிக்கும். அதையெல்லாம் பையன் போன்ல காட்டினான். பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த ஒடம்புக்குத் தீனி போடவும் நம்ம சித்திரை வெயில்ல வெச்சுக் காப்பாத்தவும் என்னால ஆகாதுங்க.

அதனால சாதியை விட்டுட்டு தாயைப் பாத்தேன். தெக்க இருந்து கிடை போட வர்ற ஆட்டுக்காரர் ஒருத்தர்கிட்ட நாட்டு நாய் ஒண்ணு குட்டி போட்டிருந்துச்சு. ஒரு மத்தியானம் பூரா அங்க உக்காந்திருந்தேன். நான் கிட்டப் போனதும் அந்தத் தாய் எனக்கும் ஆட்டுக்கும் நடுவுல வந்து நின்னு குரைச்சுது. கடிக்க வரல. அவர் ஒரு சத்தம் போட்டதும் நிறுத்திட்டு ஆட்டோரமாப் போய்ப் படுத்துக்கிச்சு. குட்டி ஆறு, அம்பது நாள் வயசு. ஒண்ணு பாஞ்சு வந்து வேட்டியைக் கடிச்சு இழுத்துது, பாக்க சூட்டிகை. ஒண்ணு வண்டிக்கடியில ஒளிஞ்சுது. இன்னொண்ணு வந்து என் காலை மோந்து பாத்துட்டு, திரும்பிப் போய் ஒரு கெழட்டு ஆட்டுக்கிட்டப் படுத்துது. அதைத்தான் எடுத்தேன். பொட்டைக்குட்டி. "பொட்டையா? ஊர் நாயெல்லாம் உங்க வேலியிலதான் நிக்கும்"னு சிரிச்சாங்க. வளந்த பெறகு கால்நடை ஆஸ்பத்திரியில கருத்தடை பண்ணிட்டோம், அந்தப் பேச்சும் நின்னுது.

கொண்டு வந்த அன்னைக்கே பட்டிக்குள்ள சின்னதா கம்பி வலை அடைப்புப் போட்டு, வயசான ஆடு ரெண்டோட விட்டேன். முதல் மூணு நாலு மாசத்துல எதோட பழகுதோ அதைத்தான் தன் கூட்டம்னு நாய் நெனைக்கும். சோறு, கம்பங்கூழு, மோரு எல்லாம் பட்டியிலதான். சாளையில வெச்சுப் பழக்கினா அப்பறம் அது சாளை நாய், பட்டி நாய் ஆகாது. ஆனா ஊசி போட நம்ம கைக்கு அடங்கோணும், அதனால தெனமும் தொட்டுத் தடவிப் பழக்கிடோணும். மூணாம் மாசம் வெறிநாய்த் தடுப்பூசி, அப்பறம் டாக்டர் சொல்ற கணக்குக்கு வருசா வருசம். பூச்சி மருந்து தவறவே கூடாது. நாய் வயித்துல இருக்கற ஒரு நாடாப்புழுவோட முட்டை புல்லு வழியா ஆட்டுக்குள்ள போனா, மூளையில நீர்க்கட்டி வந்து ஆடு ஒரே பக்கமா சுத்திச் சுத்திச் சாகும். அதனால செத்த ஆட்டோட தலை, குடல் எதையும் நாய்க்குப் போடாம ஆழமாப் பொதைச்சிடறோம்.

ஒம்பதாம் மாசம் ஒரு சோதனை வந்துச்சு. வெளையாட்டுல ஒரு குட்டியோட காதைக் கடிச்சு ரத்தம் பண்ணிருச்சு. "ரத்தருசி கண்ட நாய், கொண்டு போய் ரோட்டுல விடு"ன்னு பக்கத்துத் தோட்டத்து மாமா சொன்னார். எனக்கும் பயந்தான், ஏற்கெனவே 9 உசுரு போன பட்டி. வீட்டுக்காரிதான், "ஏனுங்க, எளவயசுல நம்ம புள்ளைக பண்ணாத சேட்டையா? கொஞ்சம் பொறுங்க"ன்னாள். அடிக்கல. குட்டிககிட்ட இருந்து பிரிச்சு, முட்டற கெடாக்களோட விட்டோம். ரெண்டு முட்டு வாங்கினதும் மரியாதை வந்துச்சு. ஒன்றரை வயசுல முழுசா அடங்கிருச்சு.

போன ஐப்பசி மழையில நாலு நாய் வேலி நுழைஞ்சு வந்துச்சு. இது தொரத்திட்டுப் போகல. பட்டி வாசல்ல நின்னு குரைச்சுட்டே இருந்துச்சு. ஆடெல்லாம் செதறாம அதுக்குப் பின்னால ஒண்டிக்கிச்சு. நான் டார்ச்சும் தடியுமா ஓடி வர்ற வரைக்கும் நின்னுது. அதுக்கு ஒரு காது கிழிஞ்சுது, ஒரு ஆடும் போகல. ஆனா ஒத்தை நாய் ஒரு கூட்டத்தை ரொம்ப நேரம் தாங்காதுங்க. நாம எந்திரிச்சு வர்ற வரைக்கும் அது நேரம் வாங்கிக் குடுக்கும், அவ்வளவுதான். அதனால இப்ப துணைக்கு ஒரு கடுவன் குட்டி எடுத்திருக்கேன். அதுவும் ஆளாக ரெண்டு வருசம் ஆகும்.

உங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கறேன். அன்னைக்கு வந்த நாலுல ஒண்ணு கழுத்துல பட்டை போட்டிருந்துச்சு. யாரோ பேர் வெச்சு வளத்த நாய். பைபாஸ்ல காரை நிறுத்தி, "கிராமம்தானே, பொழைச்சுக்கும்"னு எறக்கி விட்டுட்டுப் போறதை நானே பாத்திருக்கேன். இங்க அதுக்குச் சோறு போட ஆளில்ல. பசியில கூட்டம் சேரும், கூட்டம் சேந்தா ஆட்டுக்கு வரும், கடைசியில வெசம் வெச்சோ அடிபட்டோ சாகும். வளக்க முடியலைன்னா வாங்காதீங்க. வாங்கிட்டா கருத்தடை பண்ணிடுங்க. எங்க ரோட்டுல மட்டும் விட்டுட்டுப் போயிராதீங்க.