ஃபேக்டரி இங்கே... பார்ட்ஸ் எங்கே?

பூந்தமல்லி தாண்டி பெங்களூரு ஹைவேஸ்ல பஸ்ல போயிருக்கீங்களா? ஜன்னல் சீட் கிடைச்சா தூங்காதீங்க பாஸ்! இருங்காட்டுக்கோட்டையில 1998-ல சான்ட்ரோவை இறக்கிவிட்ட ஹூண்டாய். அப்புறம் ராஜீவ் காந்தி நினைவிடம், ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர். அதுக்கும் மேலே போனா சுங்குவார்சத்திரம். அங்கேதான் நம்ம மேட்டர் இருக்கு. உங்க காலேஜ் லேப்ல மூச்சுவாங்கிட்டு இருக்கே டெல் கம்ப்யூட்டர், அதோட தங்கச்சி தம்பிகள் 2007-லேர்ந்து இந்தப் பக்கம்தான் பொறக்குது. ஹெச்.பி-யும் ஸ்ரீபெரும்புதூர்ல ஃப்ளெக்ஸ் ஆலையில் 2020-ல டெஸ்க்டாப், அடுத்த வருஷமே லேப்டாப்னு ஆரம்பிச்சாச்சு.

அட, அப்போ கேட்டுக்கிட்ட போய் நின்னா ஒரு கம்ப்யூட்டரை சல்லிசா வாங்கிடலாமான்னு கேட்காதீங்க. செக்யூரிட்டி அண்ணன் சிரிப்பார். இங்கே நடக்கிறது பெரும்பாலும் பூட்டுற வேலை. பிராசஸர் சிலிக்கான் தைவான்ல வெந்து, மலேசியா மாதிரி இடங்கள்ல பேக் ஆகி வருது. மெமரி சிப்புக்கு கொரியா பக்கம் பார்க்கணும். போர்டுல செருகி, ஸ்க்ரூ முடுக்கி, டெஸ்ட் பண்ணி, பெட்டியில போட்டு லாரி ஏத்துறாங்க. அதே வேலையை ஒரு ஸ்க்ரூ டிரைவர் வெச்சுக்கிட்டு ஹாஸ்டல் ரூம்ல நீங்களும் ஒரு மதியத்துல முடிச்சிடலாம். ஆனா, எதை வாங்கிப் பூட்டுறது? லைன்ல நிக்கிற ஒரு ட்ரெயினிக்கு 70,000 ரூபாய்ங்கறது பல மாசச் சம்பளம். வீட்ல ஒரு தடவைதான் கேட்க முடியும். தப்பான பார்ட்டை வாங்கிட்டு 'மாத்திக் குடுங்க'ன்னு நிக்க முடியாது.

முதல்ல, வேலைக்குன்னா என்ன வேலை? ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து தெற்கே திரும்பினா ஒரகடம். 2010-ல ரெனோ-நிசான், 2012-ல டெய்ம்லர் லாரி, 2013-ல ராயல் என்ஃபீல்டு... மெக்கானிக்கல் பசங்க பாதிப் பேர் கண்ணு இந்த ரோட்டு மேலதான். அங்கே டிசைன் டீம்ல உட்காரணும்னா சாலிட்வொர்க்ஸ், காட்டியா, ஆன்சிஸ் கைவசம் இருக்கணும். ராத்திரி வேலரன்ட்டும் ஓடணும். ரெண்டும் ஒரே பெட்டியில முடியும், தாராளமா!

3டி மாடல் வரையறப்போ சாஃப்ட்வேர் பெரும்பாலும் ஒரே ஒரு கோர்லதான் வேலை செய்யும். ஸோ, 16 கோர் வாங்கி பெருமை அடிக்கிறது வேஸ்ட். வேகமான 6 கோர் போதும். கேமுக்கும் அதேதான். ஆன்சிஸ் சிமுலேஷன் வேற கதை... அது ராமைத் தின்னும். 16 ஜி.பி-யை ஒரே குச்சியா வாங்காம 8+8-ஆ வாங்குங்க, ரெண்டு வழியில டேட்டா ஓடும். போர்டுல இன்னும் ரெண்டு ஸ்லாட் காலியா இருந்தா பின்னாடி சேர்க்கலாம். 2025 கடைசியில ஏ.ஐ கம்பெனிகள் மெமரியை மொத்தமா அள்ளினதுல ராம் விலை தாறுமாறா ஏறிடுச்சு. அதனால பழைய வீடியோல சொன்ன பட்ஜெட்டை நம்பிக் கிளம்பாதீங்க.

கிராபிக்ஸ் கார்டுதான் பர்ஸைப் பதம் பார்க்கிற ஐட்டம். மொத்தத் தொகையில மூணுல ஒரு பங்கு அதுக்கே போயிடும். சாலிட்வொர்க்ஸ்காரங்க சர்டிஃபை பண்ற லிஸ்ட்ல கேமிங் கார்டு இருக்காது. காலேஜ் ப்ராஜெக்ட் அளவுக்கு அது ஓடவே செய்யும், கவலை வேண்டாம். 1080 மானிட்டருக்கு 8 ஜி.பி கார்டு போதும். கையில 40,000-தான் இருக்கா? கார்டையே விட்டுடுங்க! ரைசன் 8600ஜி மாதிரி, கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிற பிராசஸரைப் போடுங்க. வேலரன்ட் ஓடும். முதல் ஸ்டைபெண்ட் வந்ததும் கார்டு வாங்கிச் செருகுங்க. இன்டெல்ல 'எஃப்'னு முடியற மாடல் விலை கம்மின்னு தூக்கிடாதீங்க. அதுல படம் காட்டவே தனி கார்டு வேணும்.

இனி ரிச்சி ஸ்ட்ரீட். ஸ்ரீபெரும்புதூருக்கு ரயில்வே ஸ்டேஷன் கிடையாது (இத்தனை ஃபேக்டரி இருந்தும்!). பஸ்ல கோயம்பேடு, அங்கே மெட்ரோ, சென்ட்ரல்ல மாறினா அடுத்த ஸ்டேஷன் அரசினர் தோட்டம். அங்கேர்ந்து நடை. சந்துக்குள்ள நுழைஞ்சதும் 'என்ன சார் வேணும், என்ன சார் வேணும்?'னு கையைப் பிடிக்காத குறையா கூப்பிடுவாங்க. சிரிச்சுட்டே நடங்க. நாலு கடையில கொட்டேஷன் எழுதி வாங்குங்க, மாடல் நம்பரோட. 'சேம் கம்பெனிதான் சார்'ங்கற வார்த்தைக்கு அங்கே மதிப்பில்லை.

'பில் வேணாம்னா கம்மி பண்ணிக்கலாம்'னு ஒரு குரல் வரும். 18% ஜி.எஸ்.டி மிச்சம்னு ஆசையாத்தான் இருக்கும். ஆனா, பாக்ஸ் பிராசஸருக்கு 3 வருஷ வாரன்டி. சீரியல் நம்பர் போட்ட பில் இல்லேன்னா அது காத்துல போச்சு. அடுத்த வலை, 'கேபினெட்டோட எஸ்.எம்.பி.எஸ் ஃப்ரீ'. வேணவே வேணாம்! மத்த எல்லா பார்ட்டுக்கும் சோறு போடறது அதுதான். அது வெடிச்சா பக்கத்துல இருக்கறதையும் கூட்டிட்டுப் போயிடும். 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை போட்டது தனியா வாங்குங்க. அதுல மிச்சம் பிடிக்கிறதுக்கு பதில் கலர் லைட் ஃபேனை வெட்டுங்க.

யு.பி.எஸ்-ல ஒரு கணக்கு இருக்கு. கடையில நீட்டுற 600 வி.ஏ யு.பி.எஸ், வாட்ல பார்த்தா சுமார் 360-தான். கேம் ஓடறப்போ கரன்ட் போனா கார்டு, மானிட்டர் எல்லாம் சேர்ந்து இழுக்கும், அது கையை விரிச்சிடும். கார்டு போட்ட மெஷினுக்கு 1,000 வி.ஏ பாருங்க.

நம்ம ஏரியாவுக்குன்னே இன்னொண்ணு. ஒரகடம் ரோட்டுல லாரி கிளப்பற புழுதியைப் பார்த்திருப்பீங்க. முன்பக்கம் வலை ஃபில்டர் கழட்டற மாதிரி இருக்கிற கேபினெட்டா எடுங்க. ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் கழட்டித் தட்டுங்க. மே மாச வெயில்ல கண்ணாடி மூஞ்சி கேபினெட் அடுப்பு மாதிரி கொதிக்கும்.

சனிக்கிழமை காலையிலேயே கிளம்பிடுங்க. ஞாயித்துக்கிழமை போனா அந்தத் தெருவுல பெரும்பாலும் ஷட்டரைத்தான் பார்க்கணும்.